அந்த நேரத்தில் அவள் யாருக்குப் போன் செய்வாள்?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ‘இளம்பெண்களும் மதுவும்: பார் தகராறுகள் சொல்வது என்ன?’ என்ற தலைப்பில், ஓய்வுபெற்ற செவிலியரான நம் குடியிருப்பாளர் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் பேச்சு நடையிலேயே தருகிறோம்.)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கும் முடியும் வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முதலில் நன்றி.

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ சுற்றியது. ஏதோ ஒரு பெருநகரம், பார் வாசல். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும் ஒரு பெண், கால் நிலைகொள்ளாமல் நின்று ஒருவரைத் திட்டுகிறாள், கையை ஓங்குகிறாள். மொத்தமே முப்பது வினாடி. அதன் கீழே நாம் எழுதியது முப்பது வரிக்கு மேல். ‘வளர்ப்பு சரியில்லை’, ‘பொட்டப்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பினால் இதுதான்’, ‘நம்ம பிள்ளையா இருந்தா கொன்னே போட்டிருப்பேன்’.

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று எங்கே பார்த்தாலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூரிலோ சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறது. ராத்திரி பஸ் போதாதென்று 2023 ஜூனிலிருந்து போடியிலேயே சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் நம் குரூப்பிலும் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் நாம் எழுதியதைப் படித்தார்கள். இன்றைக்கு நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். பெண்களில் 0.3 சதவீதம். அதாவது ஆண்களில் நாலு பேருக்கு ஒருவர், பெண்களில் ஆயிரம் பேருக்கு மூன்று பேர். கேட்டால் எல்லோரும் உண்மையைச் சொல்வார்களா என்பீர்கள். சரி, பெண்கள் கொஞ்சம் மறைத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு மறைத்திருந்தாலும் 3 சதவீதம்தான்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடிக்கடி போதையில் இருக்கும் கணவரைக் கொண்ட பெண்களில், நாடு முழுவதும், ஏறக்குறைய 70 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர் என்றால் அது 23 சதவீதம். குடியும் ஆவேசமும் சேரும் இடம் நம் ஊரில் பெரும்பாலும் வீட்டின் உள்ளேதான் இருக்கிறது. அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

மதுக்கடை வாசலில் பெண்கள் கோபப்படுவதும் நமக்குப் புதிதல்ல. 1992-இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலப் போராட்டமாகவே ஆனது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராகப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பெண்களின் ஆவேசத்தைப் பார்த்து நாம் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று எழுதவில்லை. அவர்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்று கேட்டோம். பார் வாசலில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

உடம்பு என்ன செய்கிறது?

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பேச்சு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிராந்தி, விஸ்கி போன்றவற்றில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லி, அதாவது ஒரு ஸ்மால், குடித்தால் உடம்புக்குள் போவது சுமார் 10 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டரில் 60 கிராம். பீர்தானே என்கிறார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒரு பாட்டிலில் 41 கிராம். அது நாலு ஸ்மாலுக்குச் சமம். ஒயின் என்றால் பழச்சாறு என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதே திராட்சை புளித்து ஒயினாகிவிட்டால் அது வேறு பொருள். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது.

நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஸ்மால் அளவைத்தான் கரைக்கும். அதற்கு மேல் குடித்தால் மிச்சம் ரத்தத்தில் நிற்கும். எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி, தலையில் தண்ணீர் எதுவும் இதை வேகப்படுத்தாது.

ஆல்கஹால் உடம்பில் இருக்கும் தண்ணீரில் கரைந்து பரவுகிறது. ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர், பெண்ணுக்கு சுமார் 50 சதவீதம். 70 கிலோ ஆணுக்கு 42 லிட்டர், 50 கிலோ பெண்ணுக்கு 25 லிட்டர். ஒரே மேசையில், ஒரே அளவு குடித்தாலும் அவளுடைய ரத்தத்தில் மதுவின் அடர்த்தி ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. வயிற்றிலேயே ஆல்கஹாலைக் கொஞ்சம் உடைக்கிற நொதியும் பெண்களுக்குக் குறைவு என்று 1990-இல் வந்த ஆய்வு சொன்னது. ‘பையன்களுக்குச் சமமாக நானும்’ என்று குடிக்கிற பெண் உண்மையில் பையன்களைவிட அதிகம் குடித்தவளாகிறாள். சமத்துவம் வேண்டியதுதான், ஆனால் கல்லீரலுக்கு அது தெரியாது.

சரி, ஆவேசம் எங்கிருந்து வருகிறது? 1990-இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். மது மூளைக்குக் கிட்டப்பார்வையைக் கொடுக்கிறது என்றார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும். நாளைக்கு, அம்மா, வேலை, போலீஸ் எல்லாம் மங்கிவிடும். முன்னால் இருப்பது நல்ல பாட்டு என்றால் ஆடுவார்கள். ஒருவன் இடித்தான் என்றால், இடித்தது மட்டும்தான் உலகம். நிதானமாக இருக்கும்போது முறைத்துவிட்டு நகர்ந்திருப்பவள், அந்த நேரத்தில் கையை ஓங்குகிறாள். இது ஆண், பெண் இருவருக்கும் பொது.

அதற்கும் முன்னால், 1969-இல், மக்ஆண்ட்ரூ, எட்ஜர்டன் என்ற இருவர் பல சமூகங்களைப் பார்த்துவிட்டு, போதையில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் மனிதர்கள் தங்கள் சமூகத்திடமே கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். இது நமக்கு நன்றாகவே புரியும். ஒரு ஆண் சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் கத்தினால் ‘மப்புல இருக்கான், விடுங்கண்ணே, காலையில சரியாயிடுவான்’ என்கிறோம். அந்த மன்னிப்பு இருக்கிற தைரியத்தில்தான் அவன் கத்துகிறான். பெண்ணுக்கு அந்த மன்னிப்பு கிடையாது. ஒரு ராத்திரி நடந்தது அவளுடைய மொத்தக் குணத்துக்கும் சான்றிதழாகிவிடுகிறது.

பாருக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊரில் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்குப் பெண்கள் போவது அபூர்வம். நான் சொல்வது நகரங்களில் பெரிய ஓட்டல்களில் இருக்கும் பார்கள், பப்கள். இவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து ஆராய்ந்தவர் கனடாவின் கேத்ரின் கிரஹாம். அவருடைய குழு டொராண்டோவில் 118 பெரிய பார்களில் இரவு நேரத்தில் ஆட்களை அனுப்பிப் பார்வையிடச் செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகராறுகளைப் பதிவு செய்தது.

அதில் இரண்டு விஷயம் என் மனதில் நின்றது. ஒன்று, தகராறுகளில் சுமார் கால்வாசி பாலியல் சீண்டல். அவற்றில் பத்தில் ஒன்பது, ஆண் தொடங்கி பெண்ணிடம் செய்தது. இரண்டாவது, சீண்டுகிறவன் எவ்வளவு குடித்திருந்தான் என்பதற்கும் அவன் எவ்வளவு எல்லை மீறினான் என்பதற்கும் சம்பந்தம் தெரியவில்லை. எதிரில் இருந்த பெண் எவ்வளவு போதையில் இருந்தாள் என்பதற்கு சம்பந்தம் இருந்தது. அதாவது தள்ளாடுகிற பெண்ணைப் பார்த்துத்தான் அத்துமீறல் கூடுகிறது. பார் ஊழியர்கள் குறுக்கே வந்ததும் குறைவு.

இப்போது அந்த வீடியோவை மறுபடி யோசியுங்கள். முப்பது வினாடியில் அவள் கத்துவது தெரிகிறது. அதற்கு முந்தைய பத்து நிமிடம் அதில் இல்லை. யாராவது இடித்தார்களா, தொட்டார்களா, கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனார்களா, நமக்குத் தெரியாது. தெரியாமலே தீர்ப்பு எழுதினோம்.

நான் சலுகை கேட்கவில்லை. பெண்கள் போதையில் தப்பே செய்வதில்லை என்று சொன்னால் அது பொய். தோழியின் தலைமுடியைப் பிடிப்பார்கள், கிளாஸை எறிவார்கள், பணிக்கு நிற்கும் காவலாளியைக் கேவலமாகப் பேசுவார்கள். அந்தக் காவலாளியும் ஒரு வீட்டுப் பிள்ளை. அடித்தால் அடித்ததற்குச் சட்டம் இருக்கிறது, அது அவளுக்கும் பொருந்தும். வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடிக்கும் வயதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 21, குமுளி மலையேறிவிட்டால் கேரளத்தில் 23. செய்ததற்குத் தண்டனை இருக்கட்டும். பெண் என்பதற்காக ஒரு கூடுதல் தண்டனை வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

அந்தக் கூடுதல் தண்டனை எப்படி இருக்கும் என்று நாடு பார்த்திருக்கிறது. 2009 ஜனவரி 24-ஆம் தேதி மங்களூரில் ஒரு பப்பில் இருந்த இளம்பெண்களை ஸ்ரீராம சேனை என்ற அமைப்பினர் உள்ளே புகுந்து விரட்டி விரட்டி அடித்தார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் ஆவேசப்பட்டவர்கள் பெண்கள் இல்லை. கேமரா முன்னால் நடந்த அந்த வழக்கில், 2018 மார்ச்சில், போதிய சாட்சியம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். பெண்கள் சாட்சி சொல்ல ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள், பெயர் வெளியே வந்திருந்தால் அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தடை போட்டால் சரியாகிவிடுமா? பக்கத்தில் இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979 முதல் விதி. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். அத்தனை பேச்சும் பெண் வாங்கலாமா என்பதைப் பற்றி. அங்கேயும் குடித்துவிட்டு வீட்டை உலுக்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு ஒரு விதியும் மாறவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

மதுவை நான் ஆதரிக்கவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் தொடர்பு இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். மகளுக்கு மட்டும் சொல்லாமல் மகனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கிராம் கணக்கைச் சொல்லுங்கள். ‘மானம் போய்விடும்’ என்பதைவிட ‘ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் நாலு ஸ்மால்’ என்பது அவர்கள் காதில் ஏறும்.

அதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். ‘எந்த நேரமாக இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், எனக்குப் போன் பண்ணு. அன்றைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். பேச்செல்லாம் விடிந்த பிறகு.’

கூட்டத்துக்கு முன்னால் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். ‘அக்கா, அப்படிச் சொன்னால் குடிக்க நாமே சம்மதம் கொடுத்த மாதிரி ஆகாதா?’ நியாயமான கேள்வி. வீட்டில் தீயணைப்பான் மாட்டி வைப்பது தீ வைக்கச் சம்மதம் கொடுப்பதாகாது. நம் கட்டடத்தில் மாடிக்கு ஒன்று மாட்டியிருக்கிறோமே! குடிக்காதே என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. அதை மீறினவள் ஆபத்தில் இருக்கும்போது அழைக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

ராத்திரி பதினொரு மணி, தெரியாத ஊர், தலை சுற்றுகிறது, கூட வந்த ஒருத்தன் ‘நான் கொண்டுபோய் விடுறேன்’ என்கிறான். அவளுக்கு அவனை நம்பவும் மனமில்லை. போனை எடுக்கிறாள். ‘அப்பா’ என்ற பெயரைப் பார்க்கிறாள். ‘நம்ம பிள்ளையா இருந்தா கொன்னே போட்டிருப்பேன்’ என்று அப்பா குரூப்பில் எழுதியது அவளுக்கு ஞாபகம் வருகிறது. போனை உள்ளே வைத்துவிடுகிறாள். நாம் பயப்படுகிற எல்லாமும் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அவள் கத்துவதாக இருக்கட்டும், விழுவதாக இருக்கட்டும், அந்தக் காரில் ஏறுவதாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. சேர்ந்து போனால் சேர்ந்து திரும்புங்கள். கூட்டத்தில் ஒருத்தியாவது குடிக்காமல் இருங்கள். கிளாஸை மேசையில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பிவந்து குடிக்காதீர்கள். எனர்ஜி டிரிங்க் கலந்து குடித்தால் போதை தெரியாது, ஆனால் ரத்தத்தில் ஏறியது ஏறியதுதான். தோழி தகராறுக்குப் போனால் வாதாடாமல், எதிராளியைத் திட்டாமல், அவளை அந்த இடத்தைவிட்டு வெளியே கூட்டிவாருங்கள். கிட்டப்பார்வைக்கு மருந்து காட்சியை மாற்றுவதுதான்.

யாராவது மயங்கிக் கிடந்தால், ஆணோ பெண்ணோ, தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. தலையில் அடிபட்டவரையும் சர்க்கரை குறைந்தவரையும் ‘மப்பு’ என்று நினைத்து விட்டுவிடுவது பெரிய ஆபத்து. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்க வேண்டாம். அவசர சிகிச்சையை எந்த நடைமுறைக்காகவும் தாமதிக்கக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. குடியை நிறுத்த ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

கடைசியாக, சங்கத்தின் முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, முகம் தெரியும்படி யாரையும் அவமானப்படுத்தும் வீடியோவை நம் குரூப்பில் போடக் கூடாது. போட்டால் அட்மின் உடனே நீக்க வேண்டும். இரண்டு, மொட்டை மாடியில் நடக்கும் ஆண்களின் ‘சின்னப் பார்ட்டி’க்கும் இதே ஒழுங்கு வேண்டும். அங்கே பாட்டில் உடைந்த மறுநாள் யாருடைய வளர்ப்பைப் பற்றியும் நாம் எழுதவில்லை; கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கியது நம் துப்புரவுப் பணியாளர் அம்மாதான். மூன்று, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு போன் போடுங்கள். நான் சொன்ன அந்த வாக்கியத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வாய்ஸ் மெசேஜாகவாவது அனுப்புங்கள்.



(உரைக்குப் பிறகு மூன்று கோரிக்கைகளும் விவாதிக்கப்பட்டன. முதல் இரண்டும் ஒருமனதாக ஏற்கப்பட்டன. மூன்றாவதற்குத் தீர்மானம் தேவையில்லை என்று தலைவர் தெரிவித்தார்.)